ஆறு பத்து பஸ்

ஊத்தான் மெலிந்தாங்கில்
இரவு பதினொன்றுக்கு மேல் வெளிச்சமும் ஏர்கோனும்
டோபிக் கடையில் மட்டும்தான்.
ஐந்து வெள்ளி போட்டால் துணி சுற்றும்.
நான் எதுவும் போடாமல் உட்கார்ந்திருப்பேன்,
மடியில் யார் யாருடையதோ இதயங்கள்,
கட்டம் போட்ட தாளில்.

நாளை மறுநாள் தேர்வு.
இந்த அலைக்கு ஷாக் கொடு. இதற்குக் கொடுக்காதே.
கோடு நேராகப் படுத்துவிட்டால்
கரண்ட் வைப்பது சினிமாவில்.
நாங்கள் அமுக்குவோம், அட்ரினலின் போடுவோம்,
திரும்ப அமுக்குவோம்,
ஐந்து சென்டிமீட்டர் ஆழம்,
நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல்.
நாலாம் நம்பர் மெஷின்
கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் சுவரை இடிக்கிறது.

வென்கெபாக் மட்டும் தலையில் நிற்கவில்லை.
ஹஸ்னிதா மூன்று தடவை வரைந்து காட்டினாள்.
இடைவெளி நீளும், இன்னும் நீளும்,
பிறகு ஒரு துடிப்பு காணாமல் போகும்.
கடைசியில் புரியவைத்தது
எங்கள் தோட்டத்து ஆறு பத்து பஸ்.
திங்கள், ஆறு பதினைந்து.
செவ்வாய், ஆறு இருபத்தைந்து.
புதன், ஆறு நாற்பது.
வியாழன் வராது.
வெள்ளி, ஒன்றுமே நடக்காததுபோல
சரியாக ஆறு பத்துக்கு வந்து நிற்கும்,
ஏன் நிற்கிறீர்கள் என்று ஹாரன் வேறு.

சரிசெய்யக்கூடிய காரணங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு.
ஆக்சிஜன் குறைவு, ரத்தம் குறைவு, பொட்டாசியம்,
குளிர், விஷம், ரத்தக்கட்டி.
வாய்ப்பாடுபோல ஒப்பிப்பேன்.
அதில் செம்மண் ரோடு இல்லை.
பம்ப் வீட்டைத் தாண்டி இரண்டாவது பாலம் என்று
போனில் ஒரு குரல் அழ,
மூன்றாவது பாலத்தில் வேன் தேடித் திரியும்
பதினொரு நிமிடம் இல்லை.
வகுப்பில் கேட்டேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
சரியாகச் செய்தால் பொம்மை
எப்போதும் பிழைத்துக்கொள்கிறது.
தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ வருஷம்,
ரப்பர் நெஞ்சை நான் பார்த்தது அங்கேதான்.

பன்னிரண்டரைக்கு ரெஜாவுல் வந்தான்.
பதினேழாம் பிளாக்கில் குலை வெட்டுகிறவன்.
போர்வையைத் திணித்து, காசு போட்டு,
கதவில் கை வைத்தபடியே நின்றுவிட்டான்.
“மாசோக் ஆங்ஙின், காக்.”
காற்று புகுந்துவிட்டதாம்.
நெஞ்சில்லை, மேல்வயிறாம். தாடையும் கொஞ்சம்.
ஏர்கோன் பதினெட்டில் ஓடுகிறது,
அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது.

மணிக்கட்டைக் கேட்டேன். தந்தான்.
ஒன்று, இரண்டு, மூன்று,

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,

விரலுக்கு இடைவெளி நீள்வது தெரியாது.
வராதது தெரியும்.
வியாழக்கிழமைகளில் ரோட்டோரம் நின்றவளுக்கு
அதுகூடவா தெரியாது?

உட்கார வைத்தேன். மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு
ஆஸ்பிரினைக் கையில் வைத்தேன். விழுங்காதே, மெல்லு.
ஒன்பது ஒன்பது ஒன்பது.
தெலுக் இந்தானிலிருந்து வர வேண்டும்.
டோபிக் கடை, எண்ணெய் நிலையத்துக்கு எதிரே,
பாலம் எதுவும் இல்லை என்று
இரண்டு முறை சொன்னேன்.
எவ்வளவு ஆகும் என்று கேட்டான்.
எத்தனை நிமிடம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
பணத்தைக் கேட்டிருக்கிறான்.
பாஸ்போர்ட் ஆபீசில் இருக்கிறதாம்.
பட்டியலில் இதுவும் இல்லை.

மெஷின் இருபத்து நான்கு என்றது. இருபத்து மூன்று.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒன்று, இரண்டு, மூன்று,

ஒன்பதில் வேன் வந்தது.
கதவருகே சுருளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்கள்,
பயிற்சிக்காரி என்று தெரிந்ததால்.
நீண்டு, நீண்டு, விட்டிருந்தது.
அதற்குப் பக்கத்தில், நான் தேடாத இடத்தில்,
கோடு மேலேறி இறங்காமல் நின்றது.
ஏறும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை,
நாலாம் நம்பரைப் பார்த்தான்.

என் காசைப் போட்டுக் காயவைத்தேன்.
பூப்போட்ட போர்வை, ஓரம் தையல் விட்டது.
மடித்து நோட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
மணி இரண்டு. தேர்வு நாளைக்கு.
ஆஸ்பத்திரி நம்பரைச் சுழற்றினால்
உறவா என்று கேட்கிறார்கள்.